கழிவு

ஒன்பதாவது படியில் இருக்கிறது
நான் போட்டுடைத்த ஓடு.
நீலம், ஓரத்தில் நுரை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.
இத்தாலியில் செய்தது என்று பெட்டியில் போட்டிருந்தது.
பெட்டியோடு நழுவியது.
வெள்ளிக்கிழமை, மழை,
லோரியின் பின்கதவு பாதிதான் திறந்தது.
இதையெல்லாம் தவுக்கே எழுதிக்கொள்ளவில்லை.
எழுதியது: நூற்றிருபது வெள்ளி.
மாதம் நாற்பதாக மூன்று மாதம் கழித்தார்.

ஜெலுத்தோங்கில் டைல்ஸ் கடை.
பின்கட்டில் ஒரு பீப்பாய், உடைந்ததெல்லாம் அதற்குள்.
பதினாறு வருடத்தில் அது எத்தனை முறை நிறைந்ததோ.

ஒருநாள் வந்தாள் ஊய் சியூ ஹோங்,
முழங்கை வரை சிமெண்ட் உலர்ந்திருந்தது.
‘பெச்சா அடா?’ என்றாள்.
கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து
நல்லதை எடுத்துப்போகும் கடையில்
உடைந்தது உண்டா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.
தவுக்கே கிலோவுக்கு ஐம்பது காசு வாங்கினார்.

என்னிடம் ஒருமுறை வாங்கியாயிற்று.
அவளிடம் இன்னொரு முறை.
இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது
பிறகு ஒருநாள் படியேறும்போதுதான், மூச்சு வாங்கி நின்ற இடத்தில்.

பாயா தெருபோங்கில்
பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் அடுக்குமாடிக்கு
எண்பத்தேழு படிகள்.
முன்பு பாசியும் சிகரெட் துண்டும் அங்கே குடியிருந்தன.
ஏழு மாதம் அவள் குந்தியே ஏறினாள்,
ஒரு நாளைக்கு அரைப் படி.
மிதிக்கிற இடத்தில் ஒட்டாதே,
இது சுவர் ஓடு, மழைக்கு வழுக்கும் என்று
போய்ச் சொன்னேன், பெரிய ஆள் மாதிரி.
சிரித்தாள். படியின் நெற்றியைத் தட்டிக் காட்டினாள்:
இங்கே மட்டும்.

கீழே கடல். அதற்கு மேல் மீன்கள்.
பிறகு லக்சாவில் போடும் அந்தக் கந்தான் பூ,
உச்சியில் ஓர் இருவாச்சி, அலகு மட்டும் நான்கு படி உயரம்.

மீனின் கண் தேவசகாயம் உடைத்த கறுப்பு.
பழியை நான் ஏற்றுக்கொண்டேன்,
காசை அவன் இன்னும் தரவில்லை.
அலகின் மஞ்சள் ரஃபீக்குல் உடைத்தது.
அவன் சில்ஹெட்டுக்கே திரும்பிவிட்டான்.
படம் எடுத்து அனுப்பினேன்.
எது என்னுடையது என்று கேட்டான்.
வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன்.
இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு கட்டைவிரல்.

விடுமுறை நாட்களில் கல்யாண ஜோடிகள் வருகிறார்கள்.
பத்துப் படிக்கு மேல் யாரும் ஏறுவதில்லை, கவுன் நனையும்.
ஒருவன் என்னைப் பார்த்து
அண்ணே கொஞ்சம் தள்ளுங்கள், படம் மறைகிறது என்றான்.
தள்ளி நின்றேன்.
மறைத்தது ஒன்பதாவது படியை.

ஒன்று சொல்ல வேண்டும்.
காலையில் இறங்கும்போது இதில் ஒன்றும் கிடையாது.
ஐந்து ஐம்பதுக்குத் தொழிற்சாலை பஸ்,
சீருடையில் பெண்கள், நான், ஒரு நாய்,
எண்பத்தேழும் வெறும் சிமெண்ட்.
கடலும் மீனும் பூவும்
எங்கள் குதிகாலுக்குப் பின்னால் நிற்கின்றன.
கீழே போய்த் திரும்பிப் பார்க்கலாம்.
பஸ் நிற்காது.

போன புதன்கிழமை
கேஸ் தோம்பை மேலே தூக்கிப்போன பையன்
நாற்பத்தொன்றாவது படியில் இடித்துவிட்டான்.
ஓர் இதழ் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது.
திரும்பிய முகத்தை எனக்குத் தெரியும்:
எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்கிற முகம்.

பயப்படாதே தம்பி,
இது முன்னமே உடைந்ததுதான் என்றேன்.

நம்பினானோ என்னவோ, தோம்பைத் தோள் மாற்றிக்கொண்டு போனான்.
எனக்கு இன்னும் நாற்பத்தாறு படி இருந்தது.
சட்டைப்பையில் துண்டு
குத்திக்கொண்டே வந்தது.